பலெர்மோவின் யாழ்ப்பாணத்தவர்களும் ஊரில் உள்ள காணிகளும்

இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் பல ஆயிரம் இலங்கையர்கள் வாழ்கின்றனர். அந்நகரின் வெளிநாட்டவர்களில் வங்கதேசத்தவர்களும் இலங்கையர்களுமே எண்ணிக்கையில் முன்னிலையில் உள்ளனர். இந்த இலங்கையர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலானோர் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சேர்ந்தவர்கள்.

இத்தாலியின் பிற நகரங்களில் நிலைமை வேறு. மிலான், ரோம், வெரோனா போன்ற இடங்களில் இலங்கையர் என்றால் பெரும்பாலும் நீர்கொழும்பு, வென்னப்புவ, சிலாபம் ஆகிய மேற்குக் கரையோர ஊர்களின் சிங்களக் கத்தோலிக்கர்களையே குறிக்கும். இத்தாலியில் ஈட்டிய பணத்தில் எழுந்த மாடி வீடுகளால் வென்னப்புவவுக்கு "சின்ன இத்தாலி" என்ற பெயரே உண்டு. பலெர்மோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் இதே போலப் பணம் செல்கிறது. ஆனால் அந்தப் பணம் சென்றடையும் நிலத்தின் கதை முற்றிலும் வேறானது. முப்பது ஆண்டுகால யுத்தம், இடப்பெயர்வு, இராணுவக் கையகப்படுத்தல், மூன்று நூற்றாண்டுப் பழமை கொண்ட ஒரு வழக்காற்றுச் சட்டம் ஆகிய அனைத்தும் அந்தக் காணிகளின் மீது படிந்துள்ளன.

அகதிகளாக அல்ல, தொழிலாளர்களாக

யாழ்ப்பாணத் தமிழர்கள் பலெர்மோவுக்கு வரத் தொடங்கியது 1980களில். 1983ஆம் ஆண்டு ஜூலை வன்செயல்களுக்குப் பிறகு இந்த வருகை அதிகரித்தது. அதே காலத்தில் கனடா, பிரிட்டன், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளுக்குச் சென்றவர்கள் அரசியல் தஞ்சம் கோரினர். இத்தாலியில் அந்த வழி அடைபட்டிருந்தது. 1951ஆம் ஆண்டின் ஜெனீவா அகதிகள் உடன்படிக்கையை ஏற்றிருந்த போதிலும், ஐரோப்பாவிலிருந்து வருபவர்களை மட்டுமே அகதிகளாக ஏற்பதாக இத்தாலி ஒரு புவியியல் வரம்பை விதித்திருந்தது. 1990ஆம் ஆண்டின் மார்த்தெல்லி சட்டம் அந்த வரம்பை நீக்கியது.

ஆகவே, யுத்தத்திலிருந்து தப்பி வந்தவர்கள் கூட பலெர்மோவில் வீட்டுப் பணியாளர்களாகவே பதிவு பெற்றனர். 1986, 1990, 1995, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் இத்தாலிய அரசுகள் ஆவணமற்ற தொழிலாளர்களுக்கு வதிவிட அனுமதி வழங்கிய போது, அவர்களும் படிப்படியாகச் சட்டபூர்வமான நிலையை அடைந்தனர். பலெர்மோவின் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், பழைய பிரபுக் குடும்பத்தினர் ஆகியோரின் இல்லங்களில் துப்புரவுப் பணி, சமையல், முதியோர் பராமரிப்பு என்பவையே அவர்களுக்குக் கிடைத்த தொழில்கள். ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர்களும் இதே பணிகளில் அமர்ந்தனர்.

இந்த வேறுபாட்டுக்கு நடைமுறை விளைவு ஒன்று உண்டு. அகதி என்ற தகுதி பெற்றவர் தாயகம் திரும்பினால் அந்தத் தகுதியை இழக்கக் கூடும். பலெர்மோவில் தொழிலாளர் அனுமதி பெற்றவருக்கு அத்தகைய தடை இல்லை. விடுமுறை கிடைத்தால், வழி திறந்திருந்தால், ஊருக்குப் போகலாம். இலங்கைக் கடவுச்சீட்டையும் அவர்கள் நீண்ட காலம் வைத்திருந்தனர். காணியுடனான தொடர்பு பலெர்மோத் தமிழர்களிடம் நெருக்கமாக நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

மலைக்குகையும் மடுக் கோவிலும்

பலெர்மோ நகரை அடுத்து, கடலோரத்தில் சுமார் 600 மீட்டர் உயரத்தில் நிற்கிறது பெல்லெகிரினோ மலை. அதன் குகை ஒன்றில் நகரின் காவல் புனிதையான ரொசாலியாவின் ஆலயம் உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் துறவு பூண்டு வாழ்ந்ததாக நம்பப்படும் இப்பெண்ணின் எலும்புகள் 1624ஆம் ஆண்டு, நகரில் கொள்ளை நோய் பரவியிருந்த போது, அங்கு கண்டெடுக்கப்பட்டதாகவும், அவற்றை நகரைச் சுற்றி ஊர்வலமாக எடுத்துச் சென்ற பின் நோய் தணிந்ததாகவும் பலெர்மோ மக்கள் நம்புகின்றனர். ஜூலை மாதத்தில் நகர வீதிகளில் பெருவிழாவும், செப்டெம்பர் 4ஆம் தேதி மலையேற்றமும் நடைபெறுகின்றன.

இம்மலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லும் யாத்திரிகர்களில் தமிழர்கள் குறிப்பிடத்தக்க அளவில் உள்ளனர். கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, சைவர்களும் செல்கின்றனர். வெறுங்காலுடன் ஏறுபவர்களும் உண்டு. இத்தாலிய ஆய்வாளர்களும் பத்திரிகையாளர்களும் இதனை மதங்கள் கலக்கும் ஒரு புதுமையாகப் பலமுறை எழுதியிருக்கின்றனர்.

யாழ்ப்பாணத்தை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை ஏதுமில்லை. மன்னார் மடு மாதா கோவிலுக்கும், பாசையூர் அந்தோனியார் ஆலயத்துக்கும் நேர்த்தி வைத்துச் செல்லும் சைவக் குடும்பங்கள் எப்போதும் இருந்திருக்கின்றன. அந்தோனியாரின் ஆண்டு விழா நடைபெறும் கச்சதீவும் நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவுக்கு உட்பட்ட யாழ் மாவட்ட நிலமே. ஊரில் இருந்த வழக்கம் பலெர்மோவில் ஒரு மலையைக் கண்டுகொண்டது, அவ்வளவுதான்.

ஆறில்லாத மாவட்டம்

யாழ்ப்பாண மாவட்டம் சுமார் ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பைக் கொண்டது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்பன அதன் மரபுவழிப் பிரிவுகள். நிர்வாக ரீதியில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. நகரங்கள் என்று சொல்லத்தக்கவை சில தான். 1949இல் மாநகர சபையான யாழ்ப்பாணம், நகர சபைகளைக் கொண்ட பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி ஆகியவை அவை. சுன்னாகம், சங்கானை, நெல்லியடி, கொடிகாமம் முதலியன சந்தைகளைச் சுற்றி வளர்ந்த ஊர்கள். மற்றபடி, ஊரும் தோட்டமும் ஒன்றோடொன்று பிணைந்து, எங்கே ஒரு கிராமம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று வெளியூரார் அறிய முடியாத நில அமைப்பு இது.

மழைக் காலத்தில் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர இங்கு ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தேங்கும் மழைநீரே குடிநீரும் பாசன நீரும். இந்த நன்னீர், அடியில் உள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லை போல மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலேறும். வலிகாமத்தின் செம்மண்ணில் வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு, வாழை, திராட்சை ஆகியவற்றை விளைவித்த விவசாயிகள், கிணறு கிணறாக, வாய்க்கால் வாய்க்காலாக நீரைப் பங்கிட்டே வாழ்ந்தனர். கிணற்றிலும் பங்கு உண்டு. உறுதியில் நிலத்தின் அளவோடு, கிணற்றில் இத்தனை பங்கு, நீர் செல்லும் வாய்க்காலில் உரிமை, பாதையில் உரிமை என்பனவும் எழுதப்படுவது இதனால்தான்.

சுன்னாகம் மின் நிலையப் பகுதியின் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டும் என 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரத்திலிருந்து நிலத்தடி நீரில் சேரும் நைத்திரேற்று இன்னொரு நீண்டகாலப் பிரச்சனை. (தண்ணீரை எண்ணிச் செலவிடும் பழக்கம் பலெர்மோவிலும் உதவியது எனலாம், 2024ஆம் ஆண்டின் வறட்சியில் அந்நகரில் நீர் விநியோகம் பங்கிடப்பட்டது.)

1981ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி, இன்றைய எல்லைகளுக்குள் இம்மாவட்டத்தில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். 2012இல் அது 5 லட்சத்து 83 ஆயிரத்து 882 ஆக இருந்தது. முப்பது ஆண்டுகளில் நாட்டின் மொத்த மக்கள் தொகை பெருகிய போது, யாழ்ப்பாணத்தின் தொகை சுருங்கியது. தீவகத்தில் இந்தச் சுருக்கம் கண்ணுக்குத் தெரியும். புங்குடுதீவில் கூரையிழந்த கல்வீடுகளும், மரம் முளைத்த சுவர்களும் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் பாரிஸிலும் சுவிட்சர்லாந்திலும் டொரன்டோவிலும் உள்ளனர்.

காலியான வளவுகள்

காணிகளிலிருந்து மக்கள் பெயர்ந்தது ஒரே முறையில் அல்ல. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்ட போது பலாலி, காங்கேசன்துறை, மயிலிட்டி உள்ளிட்ட வலிகாமம் வடக்குப் பகுதிகளின் மக்கள் வெளியேறினர். அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரம் அழிந்தது.

வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயமாகியது. யுத்தம் முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2013 ஏப்ரலில், அங்கு 6,381 ஏக்கர் தனியார் காணியைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் விடுத்தது. இதற்கு எதிராக உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2015ஆம் ஆண்டுக்குப் பிறகு காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் மக்களிடம் திரும்பியது. பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. எனினும், அனைத்துக் காணியும் திரும்பிவிடவில்லை. திரும்பிய காணிகளிலும் எல்லைக் கற்கள் இல்லை, வேலிகள் இல்லை, சில இடங்களில் கிணறு இருந்த அடையாளமே இல்லை.

தேசவழமையும் தூர தேசமும்

யாழ்ப்பாணத்தின் காணிப் பிரச்சனையைப் புரிந்துகொள்ளத் தேசவழமையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில், 1706ஆம் ஆண்டு, கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி மக்களின் வழக்காறுகளைத் திரட்டினார். 12 முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். பிரிட்டிஷார் 1806இல் அதற்குச் சட்ட வலு அளித்தனர். பரம்பரையாக வந்த முதுசொம், பெண்ணுக்கு அளிக்கப்படும் சீதனம், மணவாழ்வில் ஈட்டிய தேடியதேட்டம் என்று சொத்தை அது மூன்றாக வகுக்கிறது. மணமான பெண் தனது சொந்தக் காணியை விற்பதற்கும் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. பெண்கள் அமைப்புகள் நீண்ட காலமாக எதிர்த்து வரும் விதி இது. கணவர் காணாமல் போனவராகவோ, தொடர்பறுந்து வேறொரு நாட்டில் வாழ்பவராகவோ இருந்தால், சீதனக் காணி கூட அப்பெண்ணுக்குப் பயன்படாமல் போகும்.

தேசவழமையின் மற்றொரு கூறு முன்னுரிமைக் கொள்வனவு. பங்காளி ஒருவர் தமது பங்கை வெளியாருக்கு விற்க விரும்பினால், மற்றப் பங்காளிகளுக்கும் வாரிசு உரிமை உடையவர்களுக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டம் இதனை முறைப்படுத்தியது. அந்தக் காலத்தில் பங்காளிகள் அடுத்தடுத்த வளவுகளில் இருந்தனர். வேலிக்கு மேலால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

இன்றைய நிலையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். வலிகாமத்தில் எட்டுப் பரப்புத் தோட்டக் காணி, அதாவது அரை ஏக்கர், ஒரு தந்தையின் பெயரில் உள்ளது எனக் கொள்வோம். அவர் பங்கு பிரிக்காமலே காலமாகிறார். ஐந்து பிள்ளைகளில் ஒருவர் பலெர்மோவில், ஒருவர் பாரிஸில், ஒருவர் டொரன்டோவில். நான்காமவர் யுத்தத்தில் இறந்துவிட, அவருடைய பிள்ளைகள் இருவர் கொழும்பில். ஐந்தாமவர் மட்டும் ஊரில் இருந்து வெங்காயம் பயிரிடுகிறார். இந்தக் காணியை விற்கவோ, வங்கியில் ஈடு வைக்கவோ, அதில் வீடு கட்டவோ ஆறு கையொப்பங்கள் வேண்டும். வெளிநாட்டில் உள்ள மூவரும் அற்றோர்னித் தத்துவம் எழுதி அனுப்ப வேண்டும். பலெர்மோவில் இருப்பவரின் பிள்ளைகள் காலத்தில் கையொப்பங்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். அப்போது அவர்களில் சிலருக்குத் தமிழ் எழுத்தில் உள்ள உறுதியை வாசிக்கவும் முடியாது.

ஆட்சியுரிமை என்ற பிரச்சனையும் உண்டு. இலங்கைச் சட்டப்படி, பிறர் காணியை பத்து ஆண்டுகள் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிராக அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம். யுத்தத்தால் ஊருக்கு வர இயலாதிருந்தவர்கள் இதனால் பாதிக்கப்படுவதைத் தடுக்க, 2016ஆம் ஆண்டில் சிறப்புச் சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தைக் கணக்கில் கொள்ளாதிருக்க அது வழி செய்தது. 2009க்குப் பிந்திய காலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. யுத்தம் முடிந்தும் ஊருக்குப் போகாதிருந்தவர்களுக்கு, பத்து ஆண்டுகள் 2019இலேயே கடந்துவிட்டன. ஆனாலும், உரிமையாளரின் அனுமதியோடு காணியைப் பார்த்துக்கொள்ளும் உறவினரும், கூட்டு உரிமையாளர்களில் ஒருவரும், இருந்த காலத்தை மட்டும் காட்டி உரிமை பெற்றுவிட முடியாது என்பதையும் குறிப்பிட வேண்டும். அனுமதி எழுத்தில் இருந்ததா என்பதே வழக்குகளில் எழும் கேள்வி.

குடியுரிமை என்ற விலை

இத்தாலியக் குடியுரிமை பெற, 1992ஆம் ஆண்டின் சட்டப்படி, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் பத்து ஆண்டுகள் தொடர்ந்து அங்கு வசித்திருக்க வேண்டும். இதனை ஐந்தாகக் குறைக்க 2025 ஜூனில் நடந்த பொது வாக்கெடுப்பில், வாக்களிக்க வந்தோர் சுமார் 30 சதவீதமே என்பதால் அது செல்லாது போயிற்று. இத்தாலியில் பிறந்த பிள்ளைகள், இடைவிடாமல் அங்கு வசித்திருந்தால், 18 வயதானதும் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். குடியுரிமை பெற்ற பல குடும்பங்கள், பிரெக்ஸிட் வழியை அடைக்கும் வரை, பிரிட்டனுக்கு இடம்பெயர்ந்தன.

இத்தாலி இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. இலங்கைச் சட்டத்தின்படியோ, தாமாக விண்ணப்பித்து வேறு நாட்டின் குடியுரிமை பெறுபவர் இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். இரட்டைக் குடியுரிமைக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அந்த வழியும் 2011 முதல் 2015 வரை மூடியிருந்தது.

2014ஆம் ஆண்டின் காணி உரிமை மாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடை செய்கிறது. இரட்டைக் குடியுரிமை உடையவர்களுக்கு விலக்கு உண்டு. நெருங்கிய உறவினரிடமிருந்து மரபுரிமையாகவோ, நன்கொடையாகவோ, மரண சாசனம் மூலமோ வருவதற்கும் விலக்கு உண்டு. ஆகவே பலெர்மோவில் பிறந்து இத்தாலியரான பிள்ளைக்குத் தாயின் காணி வந்து சேரலாம். ஆனால், அதே காணியில் மாமாவின் மகனுக்குள்ள பங்கை விலை கொடுத்து வாங்கிக் காணியை முழுமையாக்க, இரட்டைக் குடியுரிமை இல்லாத நிலையில், அந்தப் பிள்ளையால் இயலாது.

இத்தாலிய அரசுக்கும் இந்தக் காணிகளில் ஒரு கணக்கு இருக்கிறது. இத்தாலியில் வசிப்பவர்கள் வெளிநாட்டில் உள்ள தமது அசையாச் சொத்துகளை வருமான வரி அறிக்கையில் தெரிவிக்க வேண்டும். அவற்றின் மீதான வரி விகிதம் 2024ஆம் ஆண்டு முதல் 0.76 சதவீதத்திலிருந்து 1.06 சதவீதமாக உயர்ந்தது. செலுத்த வேண்டிய தொகை 200 யூரோவுக்கு மேற்படாவிட்டால் வரி கிடையாது. யாழ்ப்பாண நகரை அண்டிய காணிகளின் விலை உயர்ந்து வருவதால், இந்த வரம்பு பலருக்கு நெருங்கி வருகிறது.

மூன்று மாத அவகாசம்

இவையெல்லாம் மெதுவாக அரிக்கும் பிரச்சனைகள். 2025 மார்ச் 28ஆம் தேதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் வேறு வகையானது. வடக்கு மாகாணத்தில் சுமார் 5,900 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் ஆதாரம் காட்ட வேண்டும், இல்லையேல் அவை அரச காணிகளாகக் கருதப்படும் என்று அது தெரிவித்தது. அதில் பாதிக்கும் அதிகமானது யாழ்ப்பாண மாவட்டத்துக் காணி. இடப்பெயர்வுகளில் உறுதிகளை இழந்தவர்கள், உரிமையாளர் இறந்து வாரிசுகள் சிதறியவர்கள், வர்த்தமானி வெளியானதையே அறியாத புலம்பெயர்ந்தோர் ஆகியோருக்கு மூன்று மாதம் போதாது என்று தமிழ்க் கட்சிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. மே மாத இறுதியில் அறிவித்தலைத் திரும்பப் பெறுவதாக அரசு கூறியது. ஜூன் மாதம் உச்ச நீதிமன்றமும் அதனைச் செயற்படுத்தத் தடை விதித்தது.

அரசு பின்வாங்கிய போதிலும், அந்த அறிவித்தல் ஒரு விடயத்தை வெளிப்படுத்தியது. யாழ்ப்பாணத்துக் காணி ஒன்றின் உரிமை உறுதிப்பட, ஒருவர் அங்கு இருந்து உறுதியைக் காட்ட வேண்டியிருக்கிறது. காணி இருக்கும் இடத்தில் மனிதர் இல்லை, மனிதர் இருக்கும் இடத்தில் உறுதி இல்லை.

இதே சிக்கல் சிசிலிக்கும் தெரிந்ததே. நியூயார்க்குக்கும் அர்ஜென்டினாவுக்கும் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் கூட்டாக உரிமை கொண்ட, யாரும் வசிக்காத வீடுகள் அத்தீவின் உள்நாட்டு ஊர்களில் நிறைந்துள்ளன. சம்புகா என்ற ஊர் 2019ஆம் ஆண்டு ஒரு யூரோவிலிருந்து ஏலம் தொடங்கி வீடுகளை விற்று உலகச் செய்தியானது. அங்கு அது இயன்றதற்குக் காரணம், 1968ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் கைவிடப்பட்ட அந்த வீடுகள் ஏற்கெனவே ஊராட்சியின் உடைமையாகியிருந்தமை. தனியார் வாரிசுகளிடம் உள்ள வீடுகள் அப்படியேதான் கிடக்கின்றன. காணியை அரசிடம் இழப்பதே அச்சமாக உள்ள யாழ்ப்பாணத்தில் இந்த வழியை எவரும் பரிந்துரைக்க மாட்டார்கள். ஆயினும், பங்கு பிரிக்காத உரிமை மூன்றாம் தலைமுறையில் எங்கு சென்று நிற்கும் என்பதைப் பலெர்மோத் தமிழர்கள் தாம் வாழும் தீவிலேயே காண்கிறார்கள்.

பெற்றோர் உயிரோடு இருக்கும் போதே பங்கு பிரித்து நில அளவைப் படத்துடன் உறுதி எழுதுவது, ஊரில் காணியைப் பார்ப்பவரிடம் எழுத்தில் குத்தகை ஒப்பந்தம் செய்வது, பிள்ளைகளுக்கு இரட்டைக் குடியுரிமை பெறுவது ஆகியவையே இப்போதுள்ள சட்டங்களுக்குள் இயலக்கூடியவை. முதலாவது தான் எல்லாவற்றிலும் கடினம். அதற்கு அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் ஒரே நேரத்தில் ஊரில் கூட வேண்டும்.

ஆகஸ்ட் மாதத்தில் பலெர்மோவின் வசதியான குடும்பங்கள் நகரை விட்டுக் கடற்கரை வீடுகளுக்குச் செல்லும். வீட்டுப் பணியாளர்களுக்கு விடுமுறை கிடைப்பது அப்போது தான். நல்லூர் கந்தசுவாமி கோவிலின் 25 நாள் திருவிழாவும் பெரும்பாலும் அந்த மாதத்திலேயே வருகிறது. தேர் பார்க்க வருபவர்கள், திரும்பிச் செல்லும் முன் நொத்தாரிசிடமும் நில அளவையாளரிடமும் செல்கின்றனர்.